பரசுராமனுக்கு ஏறிய சூடு

பரசுராமனின் பிக்கப் வண்டி எவ்வளவு தூரம் ஓடினாலும் எஞ்சின் சில்லென்றே இருந்து, அதன் சூடு முழுவதும் பரசுராமனின் உடம்பில் ஏறத் தொடங்கியது, டிரைவர் யேசுதாஸுக்குக் கண் போன ஆனி மாதத்தில். வண்டி ஏனாத்தூரைத் தாண்டும்போது காஞ்சிபுரத்தில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் பரசுராமனுக்கு நெற்றி வேர்க்கும். அது வாலாஜாபாத் போய்ச் சேர்வதற்குள் அவன் கையிலிருக்கும் டம்ளர் மோர் திரிந்து கொதிக்கும். டாக்டர் வைத்த தெர்மாமீட்டர் வெடித்தது. மற்றபடி ரத்தம், சர்க்கரை எல்லாம் சரியாகவே இருந்தன.

கண் போனது இப்படித்தான். ரேடியேட்டர் ஹோஸில் விரிசல் விட்டிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று யேசுதாஸ் பங்குனியிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். "தண்ணிய ஊத்தி ஓட்டுப்பா, ஓடிக்கினுதான இருக்குது" என்பதே பரசுராமனின் பதில். கல்யாணப் புடவைகள் ஏற்றிப்போன ஒரு மத்தியானம், ரோட்டோரப் புளியமரத்தடியில் பானெட்டுக்குள்ளிருந்து ஆவி கிளம்பியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பரசுராமன் உடனே மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றச் சொன்னான்.

"கொஞ்சம் ஆறட்டும்ணா. இப்ப தொறந்தா மூஞ்சிலயே அடிக்கும்."

"பயமா இருந்தா சாவியக் குடுத்துட்டுப் போய்க்கினே இரு. வேற டிரைவரா இல்ல?"

யேசுதாஸ் சாக்குத்துணியைப் போட்டு மூடியைத் திருகினான். அதன்பின் அவன் எதையும் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் போலீஸிலும் கடைத்தெருவிலும் பரசுராமன் ஒரே கதையைச் சொன்னான்: டிரைவர் குடித்திருந்தான், சொல்லச் சொல்லக் கேட்காமல் தானே திறந்துகொண்டான். யேசுதாஸ் சாராயத்தை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் சர்ச்சில் அவன் உட்காரும் பெஞ்சில் ஆட்கள் தள்ளி உட்கார ஆரம்பித்தார்கள். அவன் மனைவி கிரேஸ், கண் போனதற்கு அழுதாள். பெஞ்சு காலியானதற்கு அழவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்குள் ஏதோ இறுகிப்போனது.

சூட்டுக்குக் காரணம் வண்டிதான் என்று புரிந்ததும், பரசுராமன் அதை வாலாஜாபாத் ரைஸ் மில்காரர் ஒருவருக்குத் தள்ளிவிட்டான். வண்டிப் புத்தகத்தில் பெயர் மாறியதே தவிர, பரசுராமனின் சூடு மாறவில்லை. கத்திரி வெயிலில்கூட ஐஸைவிடக் குளிர்ந்து கிடக்கும் எஞ்சினைத் தொட்டுப் பார்த்த மில்காரர் மிரண்டுபோய் அதை விற்கப் பார்த்தபோது, கிரேஸ் தன் வளையல்களை விற்று வாங்கினாள். லைசென்ஸ் எடுத்தாள். பட்டு நூல் சிப்பங்கள், வாழைத்தார், கோயில் திருவிழாவுக்குப் பந்தல் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றினாள்.

அந்த வண்டியைப் போல் பராமரிக்கப்பட்ட வண்டி அந்த ஊரில் இல்லை. வண்டி ஓடும்போதெல்லாம் பரசுராமன் காய்வதை ஊரே பேசியது; எஞ்சின் செத்தால் அவன் ஆறிவிடுவான் என்பதை அவள் அறிந்திருந்தாள். ஆயில் கறுப்பதற்கு முன் மாற்றினாள். டீசல் ஃபில்டரில் தங்கும் தண்ணீரை வடித்தாள். ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தித் தளர்வு பார்த்தாள். ரேடியேட்டரின் தகடுகளில் அடைத்த தூசியையும் பூச்சிகளையும் உள்பக்கத்திலிருந்து தண்ணீர் பீய்ச்சித் தள்ளினாள். உப்புப் படியும் என்று போர் தண்ணீரைத் தொடவிடவில்லை. யேசுதாஸ் பம்பரில் சாய்ந்து நின்று, சத்தத்தை வைத்தே எது தேய்கிறது என்று சொல்வான்.

"சூடே ஏறாத எஞ்சினுக்குக் கூலன்ட் எதுக்குக்கா?" என்று மெக்கானிக் தினேஷ் கேட்டான்.

"துரு புடிக்கக் கூடாதுபா. இது ரொம்ப வருஷம் ஓடணும்."

மூன்றாம் வருஷம் பரசுராமன் கிரேஸின் வீட்டுக்கு நடந்தே வந்தான். சீட்டு உருகிவிடுகிறது என்று பஸ்ஸில் அவனை ஏற்றுவதில்லை. தலையில் போட்டிருந்த ஈரத்துண்டு வாசலுக்கு வருவதற்குள் காய்ந்துவிட்டது. "ஒரு நாள் நிறுத்தும்மா. நான் கொஞ்சம் தூங்கிக்கறேன்" என்றான்.

"அவரு குடிச்சிருந்தாருன்னு ஊரெல்லாம் சொன்னியே, அதே ஊரு முன்னாடி உண்மைய சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது பரசுராமன் சர்ச் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். ஹோஸ், புளியமரம், "சாவியக் குடு" என்ற வார்த்தை, எதையும் விடவில்லை. சொல்லி முடித்து அழுதபோது கண்ணீர் கன்னத்திலேயே ஆவியானது. அடுத்த வாரம் யேசுதாஸின் பெஞ்சில் இடம் போதவில்லை.

"சொல்லிட்டான் இல்ல. போதும்மா, வண்டிய வித்துடு" என்றான் யேசுதாஸ்.

"உனக்குக் கண்ணு வந்துச்சா?"

யேசுதாஸ் பம்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, வண்டியை விட்டு விலகி நின்றான்.

"வந்ததும் விக்கறேன்" என்று சொல்லிவிட்டு, கிரேஸ் ஆயில் அளவு பார்த்து வண்டியை எடுத்தாள்.

ஊர் இதற்குப் பழகிவிட்டது. பரசுராமனைச் சாயப்பட்டறையில் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அவன் தொட்டிக்குள் கழுத்தளவு உட்காருவான். கிரேஸ் போகும் தூரத்துக்கு ஏற்ப, தொட்டித் தண்ணீர் சூடாகும். விறகுச் செலவும் புகையும் இல்லை என்று பட்டறைக்காரர்களுக்குத் திருப்தி. வெளிர் நிறங்களுக்கு ஏனாத்தூர் வரை போய் வந்தால் போதும். அரக்குச் சிவப்புக்குக் கொதி அதிகம் வேண்டும் என்பதால், அந்த நாட்களில் முழு லோடோடு நெடுஞ்சாலை மேம்பாலத்தின் வழியாகத் திருப்புட்குழிக்குப் போகும்படி கிரேஸுக்குக் காலையிலேயே சொல்லி அனுப்புவார்கள். அவள் மறுத்ததே இல்லை.