மூன்று செட்டு

விடுப்பு முடிந்து அஃப்ஸானா பொத்தேரி ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. ஐந்தாம் மாதத்தில் குழந்தை கலைந்துபோன செய்தியும் அதன் காரணமும் அவளுக்கு முன்பே அங்கே வந்து சேர்ந்திருந்தன. அவள் ஓர் இலையை எடுத்து பிளேடால் நறுக்க ஆரம்பித்தாள்.

பூக்கும் செடிகளின் செல்லுக்குள் எவ்வளவு டி.என்.ஏ. இருக்கிறது என்று அளப்பதுதான் அவள் ஆராய்ச்சி. குளத்தில் மிதக்கும் பூச்சிதின்னிச் செடியில் அது துளியூண்டு. கடற்கரை நரிவெங்காயத்தில் அதைப்போல் பல மடங்கு. ஏன் இப்படி என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் மூச்சுவிடாமல் பேசுவாள்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே பறித்த நரிவெங்காய இலையின் டி.என்.ஏ. அளவு திரையில் வந்தது. வழக்கத்தைவிட ஒன்றரை மடங்கு.

"அக்கா, இது மூணு செட்டுக்கா!" கூட வேலை செய்யும் திவ்யா குதித்தாள். அடுத்த நொடியே அவள் முகம் செத்துப்போனது. அஃப்ஸானாவின் குழந்தைக்கும் அதுதான். இரண்டு செட்டு குரோமோசோம் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று. அதனால்தான் தங்கவில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இன்னொரு வாட்டி ஓட்டிப் பாரு" என்றாள் அஃப்ஸானா.

மறுபடியும் அதே அளவு. வேர்நுனியில் குரோமோசோமை எண்ணி உறுதிசெய்யக் கிழங்கு வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கணவன் தௌசிஃப் பைக்கில் அழைத்துப்போனான். சவுக்குத் தோப்பு ஓரம் அவன் தோண்டத் தோண்ட, ஒன்றை ஒட்டி ஒன்றாகக் குட்டிக் கிழங்குகள் வந்துகொண்டே இருந்தன.

"இன்னா இது, இத்தினி கீது?"

"இதுக்கு விதை புடிக்காதுங்க. கிழங்காவே பெருகிக்கும். மூணு செட்டு."

அவன் கை நின்றது. "நம்ம கொழந்தைக்குச் சொன்னாங்களே..."

"அதான்."

"அப்போ இது மட்டும் எப்டி உயிரோட கீது?"

"செடி தாங்கிக்கும். மனுஷ ஒடம்பு தாங்காது." வகுப்பில் சொல்வதுபோல்தான் சொன்னாள். அதே குரலில், நிறுத்தாமல், "நம்ம கொழந்தை பொண்ணு. கலைஞ்சப்புறம் எடுத்த டெஸ்ட்ல தெரிஞ்சுது. நீங்க கேக்கல, நானும் சொல்லல" என்றாள்.

ஆஸ்பத்திரியில்கூட அழாதவன் மணலில் உட்கார்ந்துவிட்டான். முதுகு குலுங்கியது.

தனக்கும் அழுகை வருமோ என்று அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். வரவில்லை. ஒரு கிழங்கைப் பையில் போட்டுக்கொண்டு, மற்றவற்றைக் குழியிலேயே வைத்து மணலைத் தள்ளி மூடினாள். பிறகு அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"பேரு எதுனா நெனச்சு வெச்சிருந்தியா?"

"மலீஹா."

அவன் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். கிழங்கின் சாறு பட்ட அவள் விரல்கள் அரிக்க ஆரம்பித்தன. அவள் சொறியவில்லை.