கோட்டு மாட்டிய பிறகு

அந்தத் தனியார் பள்ளியில் புதுப் பிள்ளைகளைச் சேர்ப்பதைக் கவனிப்பவள் சேர்க்கை மேடம். காலையில் வந்ததும் அவளுக்கு முதல் வேலை இஸ்திரி போடுவது. ஐந்தாறு நீலக் கோட்டுகள், அளவுக்கு ஒன்றாக, கம்பியில் தொங்கும். அவற்றைப் போட்டுக்கொண்டு எந்தப் பிள்ளையும் வகுப்பில் உட்கார்ந்ததில்லை. பள்ளியைப் பார்க்க வரும் குடும்பத்தின் பிள்ளைக்கு மாட்டிக் காட்ட மட்டுமே அவை. எதிரே ஆளுயரக் கண்ணாடி. பக்கத்தில் பெற்றோருக்கு ஒரு சோபா. உட்கார்ந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும். சட்டென்று எழ முடியாது.

முறை எளிது. பிள்ளைக்குக் கோட்டை மாட்ட வேண்டும், டையைக் கட்ட வேண்டும், கண்ணாடி முன் நிறுத்த வேண்டும். அப்புறம் வாயைத் திறக்கக் கூடாது.

"மாட்டற வரைக்கும் நீங்க பேசுங்க. மாட்டினப்புறம் கோட்டு பேசும்" என்பார் தாளாளர். "அந்த அமைதிய எந்த அப்பனாலயும் தாங்க முடியாதும்மா. அவனே வாயத் திறந்து, சேர்த்துடறேன்னு சொல்லுவான்."

அவர் சொன்னது பெரும்பாலும் பலித்தது.

இந்த வருஷம் ஊர்க்கோடித் தொழிற்சாலை இரண்டு ஷிஃப்டுகளை நிறுத்திவிட்டது. அதை நம்பியிருந்த தெருக்களில் பேச்சே குறைந்துபோனது. மேடத்தின் கணவருக்கும் பாதிச் சம்பளம்தான். பள்ளியில் பாதிக்கு மேல் பெஞ்சுகள் காலி. "இந்த நேரத்துல ஜனங்களைப் போய்க் கூப்பிடலாமா சார்?" என்று அவள் ஒருநாள் கேட்டாள்.

"இந்த நேரத்துலதான் கூப்பிடணும். வசதியா இருக்கறவன் யோசிப்பான். பயந்தவன் கையெழுத்துப் போடுவான்."

மறுநாள் அவள் குரலிலேயே ஒரு செய்தி பதிவாகி, அந்தத் தெருக்களின் எல்லாக் கைபேசிகளுக்கும் போனது. 'வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். உங்கள் பிள்ளையின் இந்த வருஷம் திரும்பக் கிடைக்குமா? இன்று தயங்கினால், நாளை அவர்கள் உங்களைக் கேள்வி கேட்பார்கள்.' கனிவான குரல். வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பேசுகிற குரல்.

சனிக்கிழமை வெளிக்கூடம் நிரம்பிவிட்டது. முதல் குடும்பத்தை உள்ளே அழைக்கக் கதவைத் திறந்தவள், அப்படியே நின்றுவிட்டாள். எதிரே அவளுடைய தம்பி, அவன் மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள்.

"என்னடா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே?"

"சொன்னா உனக்குச் சங்கடம்னு நெனச்சேங்க்கா." தம்பி சிரித்துக்கொண்டே உள்ளே வந்து உட்கார்ந்தான். சோபா அவனை உள்ளே இழுத்துக்கொண்டது. "என்னக்கா இது, ஆளையே முழுங்குது!"

அவன் மனைவி உட்காரவில்லை. கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி சுவரோரம் நின்றாள்.

தினமும் செய்கிற வேலை என்பதால் கைகளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அவை கோட்டை எடுத்தன, குழந்தைக்கு மாட்டின, டையைக் கட்டின.

"அத்தை, என் கையக் காணோம்" என்றாள் குழந்தை, நீண்டு தொங்கிய கோட்டுக் கையை ஆட்டிக்கொண்டே.

மேடம் அவளைக் கண்ணாடி முன் நிறுத்தினாள். பழக்கத்தில் வாயையும் மூடிக்கொண்டாள். அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. தம்பி கண்ணாடிக்குள் இருந்த மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"வண்டிய வித்துடறேங்க்கா" என்றான்.

அந்த லோடு வண்டிதான் அவன் பிழைப்பு. தொழிற்சாலைக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டிருந்தவன், இப்போது கிடைத்த சாமானை ஏற்றி இறக்கிக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"வித்துட்டு எதை ஓட்டப் போறே?"

"ஏதோ ஒண்ணு பார்த்துக்கறேன். உன் மெசேஜ் வந்துச்சுல்ல. வேற யாராவது சொல்லியிருந்தா போடான்னு இருந்திருப்பேன். நீயே சொல்றே. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"தினமும் அதையே போட்டுப் போட்டுக் கேக்கறார், அண்ணி" என்றாள் மனைவி. "தட்டுல சோறு காயுது. போன் காதுலயே இருக்கு."

"நாளைக்கு இவ கேள்வி கேட்டா நான் என்னடி பதில் சொல்றது?"

"இவளா? பூனை ஏன் குளிக்க மாட்டேங்குதுன்னு கேப்பா. அதுக்கு மொதல்ல பதில் சொல்லுங்க."

குழந்தைக்கு இந்தப் பேச்சில் அக்கறை இல்லை. கண்ணாடிக்கு மேலே மாட்டியிருந்த பலகையை அண்ணாந்து பார்த்துத் திக்காமல் வாசித்தாள். "கடைசிச் சில இடங்களே உள்ளன. இன்றே முந்துங்கள்." பிறகு திரும்பினாள். "முந்தலைன்னா என்ன ஆகும் அத்தை?"

சேர்க்கை மேடம் அந்தப் பலகையைப் பார்த்தாள். மாடியில் தூசி படிந்து கிடக்கும் பெஞ்சுகள் நினைவுக்கு வந்தன. எதிரே நிற்கும் குழந்தை, தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் படித்த படிப்பை வைத்து, அந்தப் பொய்யைப் பிழையில்லாமல் வாசித்துவிட்டிருந்தது.

"ஒண்ணும் ஆகாதுடி கண்ணு" என்றாள்.

மண்டி போட்டு டையை அவிழ்த்தாள். கோட்டைக் கழற்றினாள். "வண்டிய வித்தியோ, என் வீட்டு வாசப்படி மிதிக்காதே. இவ நல்லாத்தான் படிக்கறா. எழுந்திரு" என்று தம்பியின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

தம்பி மனைவி மட்டும் நகரவில்லை. "எங்க பிள்ளைக்குக் கழட்டிட்டீங்க, சரி. வெளியில உக்காந்திருக்காங்களே அண்ணி, அவங்களும் யாரோ ஒருத்தியோட தம்பிங்கதானே?"

மேடம் கதவிடுக்கு வழியே வெளிக்கூடத்தைப் பார்த்தாள். இந்தக் கேள்விக்கு என்ன செய்வதென்று அவளுக்கு யாரும் பயிற்சியில் சொல்லித் தந்திருக்கவில்லை.

கம்பியிலிருந்த கோட்டுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு அவள் வெளிக்கூடத்துக்கு வந்தாள். எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"உங்க போன்ல பேசினது நான்தான். பயமுறுத்தறதுக்குன்னே பேசினேன். இங்க கடைசி இடம்னு ஒண்ணு கிடையாது, பாதி பெஞ்சு காலியாக் கெடக்கு. இன்னைக்குச் சேர்க்கலைன்னா உங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. இப்பப் போற பள்ளிக்கூடத்துல அது வாசிக்குதா, சிரிச்சுக்கிட்டே போகுதா, அதைப் பாருங்க. அங்க குறை இருந்தா நாலு பேராப் போய்க் கேளுங்க. அதுக்காக வீட்டுல இருக்கற சோத்துப் பானைய விக்காதீங்க."

சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டாள். தாளாளர் கற்றுக்கொடுத்தபடியே, அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த அமைதியைத் தாங்க முடியாமல் முதலில் வாய் திறந்தவர் தாளாளர்தான். தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார். "யாரும் எழுந்திருக்காதீங்க! இன்னைக்கு மட்டும் பாதிக் கட்டணச் சலுகை!"

"இடமே இல்லேன்னீங்க, இப்ப சலுகை வேறயா?" என்றார் பின்வரிசையில் ஒருவர். கூடத்தில் சிரிப்பு கிளம்பியது. ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பின்னாலேயே நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

தாளாளர் மேடத்தின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "வேலை போச்சு, தெரியுமில்ல? உங்க வீட்டுக்காரருக்கும் பாதிச் சம்பளம். பயமா இல்ல?"

"பயமாத்தான் சார் இருக்கு." கோட்டுகளை அவர் கையில் திணித்தாள். அவள் குரல் தாழவில்லை; வாசல்வரை கேட்டது. "ஆனா பயந்தவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுட மாட்டாங்க. பிள்ளை படிப்புன்னா பெத்தவங்களை யோசிக்க விடணும் சார், பயப்பட வைக்கக் கூடாது. அடுத்தவங்க பயத்தை வித்துப் பொழைக்கற இடத்துக்கு எந்தக் கோட்டை மாட்டினாலும் அது பள்ளிக்கூடம் ஆகாது, வெறும் கடைதான்."