வெள்ளரிக்காய்க் குதிரை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஜப்பானில், செந்தாய் நகரைத் தாண்டி வடக்கே போகும் நெடுஞ்சாலையில், ஓர் ஓய்விடத்தில். ஆகஸ்ட் மாதம். டோக்கியோவே மூட்டை கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குக் கிளம்பியிருந்தது. நான் காப்பிக்கு வரிசையில் நின்றேன். எதிரே ஒருவன் காரின் பின்கதவைத் திறந்து, ஒரு கூண்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்று சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தான். கூண்டுக்குள் இரண்டு கினிப்பன்றிகள். அவன் சட்டைப்பையில் நான்கு துண்டுக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

(கினிப்பன்றிக்கு அகராதி 'சீமைப்பெருச்சாளி' என்றும் ஒரு பெயர் தருகிறது. அப்படி எழுதினால் வாசிக்கிறவர்கள் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொள்வார்கள். ஆகவே கினிப்பன்றி.)

2

முதல் வரிக்கு நான் பட்ட பாடு:

'ஷுகோவின் மனைவி சாயோ இறந்த பிறகு வந்த முதல் கோடையில்—' வேண்டாம். சாவில் தொடங்கினால் கதை அங்கேயே உட்கார்ந்துவிடும்.

'கினாகோவும் கோமாவும் காரில் ஊர்சுற்றவே பிறந்தவை—' சுத்தப் பொய். கினிப்பன்றிக்குக் கார் என்றாலே ஆகாது. வளைவுக்கு வளைவு வைக்கோலில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். ஓடுகிற வண்டியில் இந்த இரண்டும் தண்ணீர்ப் புட்டியை நக்கவே நக்காது. தாகத்துக்கு வெள்ளரிக்காய்தான். இதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

'முன் இருக்கையில் யாரும் உட்காரவில்லை.' இது இருக்கட்டும்.

3

முதலில் அங்கே ருரியைத்தான் உட்காரவைத்திருந்தேன். சாயோவின் தங்கை. வாய் ஓயாது. அவள் பேசப்பேச ஷுகோவின் ஏக்கத்துக்கு இடமே இல்லாமல் போயிற்று. பின்னால் கூண்டோடு தள்ளிவிட்டேன். இப்போது முன் இருக்கையில், மடித்த துண்டின் மேல் ஒரு குதிரை நிற்கிறது. வெள்ளரிக்காய் உடம்பு, உடைத்த சாப்பாட்டுக் குச்சிகள் கால்கள்.

ஓபோன் நாட்களில் இறந்தவர்கள் வீட்டுக்கு வருவார்கள். விரைந்து வர வெள்ளரிக்காய்க் குதிரை, மெதுவாகத் திரும்பிப்போகக் கத்திரிக்காய்ப் பசு. குதிரையை வீட்டில் வைப்பதுதான் வழக்கம். காரில் ஏற்றிக்கொண்டு போவதை நான் கேள்விப்பட்டதில்லை. ஷுகோ ஏற்றினான்.

ஒவ்வொரு கோடையிலும் அவனும் சாயோவும் இதே கூண்டோடு சைதாமாவிலிருந்து அவோமொரிக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போவார்கள். அவள் இப்போது நேரே அம்மா வீட்டில் போய் இறங்கிவிட்டால் இந்தப் பயணம் அவனுக்குக் கிடைக்காது. அவள் வழியில் ஏறிக்கொள்ள வேண்டும். இன்னும் ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து வர வேண்டும்.

மாமியார் போனில் வந்தார்.

"மாப்ள, குதிரைய அங்கேருந்து தூக்கிட்டு வர்றியாமே? இங்க கொல்லையில வெள்ளரிக்காய்க்கு என்ன பஞ்சமா?"

"இருக்கட்டும்மா."

"என்ன இருக்கட்டும்? குதிரை இருக்கிற எடத்துக்குத்தான அவ வருவா? நீ அத ரோட்டுல வச்சிக்கிட்டு நின்னா, எம்பொண்ணும் ரோட்டுல நிக்கணுமா?"

(அந்த அம்மாள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். 'மாப்ள' நான் போட்டது. அந்தக் குரலுக்கு எனக்கு வேறு சொல் அகப்படவில்லை.)

4

ஃபுகுஷிமாவில் வாகனங்கள் நின்றுபோயின. கண்ணுக்கெட்டிய வரை கார்களின் முதுகு. போதாக்குறைக்குக் குளிர்சாதனமும் உயிரை விட்டது. (கெடுத்தது நான்தான். வேறு வழி தெரியவில்லை.) கினிப்பன்றிகளுக்கென்று நறுக்கி வந்த வெள்ளரிக்காய் தீர்ந்திருந்தது. வழியில் ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வண்டி நகர்ந்தால் அல்லவா கடை வரும்?

"அத்தான், கோமா ரொம்ப மூச்சு வாங்குது."

"தண்ணிப் புட்டியக் காட்டு."

"காட்டாமயா? மூஞ்சியத் திருப்பிக்குது. அக்கா வளத்ததாச்சே, அடம் இல்லாம இருக்குமா?"

ஷுகோ சிரித்தான். பின்னாலிருந்து ருரி மெதுவாகச் சொன்னாள்: "முன்னாடி ஒரு வெள்ளரிக்காய் இருக்கு."

"அது வெள்ளரிக்காய் இல்ல."

"தெரியும் அத்தான். நாலு காலு எனக்கும் தெரியுது."

அவன் அசையவில்லை. அதுவரை கீச்சுக்கீச்சென்று கத்திக்கொண்டிருந்த கினாகோ சட்டென்று அடங்கியது. சாயோ சொல்வாள்: "கத்துற வரைக்கும் கவலையில்ல. சத்தம் நின்னாதான் பயப்படணும்."

அவன் குதிரையை எடுத்தான். கால்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். (இங்கே 'அவன் அழுதான்' என்று எழுதி அடித்துவிட்டேன். அழ அவனுக்கு நேரமில்லை.) நுனியைக் கடித்துப் பார்த்தான்.

"கசக்கல. குடு."

ருரி வாங்காமல் அவனையே பார்த்தாள். சாயோவும் அப்படித்தான், தான் கடித்துப் பார்க்காமல் ஒரு துண்டு கொடுக்கமாட்டாள்.

பின்னால் நறுக்நறுக்கென்று சத்தம் கேட்கத் தொடங்கியது. முன் இருக்கையில் வெறும் துண்டு கிடந்தது. பாதி வழியில் குதிரை இல்லாமல் அவளை நிற்கவைத்துவிட்டோம் என்று அவனுக்குப் பட்டது. அவள் வேண்டும். அதற்கு மேல் அவனுக்கு எதையும் நினைக்கத் தெரியவில்லை.

"அத்தான்," என்றாள் ருரி. "குதிரைய இதுங்க தின்னுடுச்சுன்னா, ஏறி வந்தவ எறங்கிட்டான்னுதானே அர்த்தம்?"

கார்கள் நகரத் தொடங்கின. ஷுகோ கையை நீட்டிப் பக்கத்து இருக்கையின் பெல்ட்டை இழுத்து மாட்டினான். பிறகு அவோமொரி வரைக்கும் அவன் வேகமாக ஓட்டவே இல்லை.

5

முடிவுகள்.

அ) மாமியார் குச்சிகளைப் பார்க்கிறார். கொல்லையில் புதிதாக ஒரு வெள்ளரிக்காய் பறித்து அதே கால்களைக் குத்துகிறார். மூவரும் அழுகிறார்கள். (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஷுகோவுக்கு இதில் என்ன கிடைத்தது?)

ஆ) கடைசி நாள். சாயோ திரும்பிப்போக வேண்டும். வாசலில் கத்திரிக்காய்ப் பசு, பக்கத்தில் கூண்டு. முந்தின நாள் மாமியார் செய்தபோது பசுவுக்குக் காம்பு இருந்தது. இப்போது இல்லை.

"காம்ப யாரு அறுத்தது?"

"நாந்தாம்மா."

கத்திரிக்காய்க் காம்பு கினிப்பன்றிக்கு ஆகாது. வளர்க்கிறவர்களுக்குத் தெரியும். அந்த அம்மாளுக்கும் தெரியும், மகள் சொல்லியிருக்கிறாள். அவர் பசுவைப் பார்த்தார், கூண்டைப் பார்த்தார்.

"அவ இங்கயே இருக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையில்லையா மாப்ள? பசு இல்லன்னா அம்புட்டு தூரமும் நடந்துல்ல போவா. கால் வலிக்காதா அவளுக்கு?"

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பசுவை எடுத்துக்கொண்டு போகவில்லை.

ஷுகோ கூண்டருகே குந்தியிருக்கிறான். கதவின் கொக்கி கழன்றிருக்கிறது. கழற்றியது அவனா நானா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. கினாகோவின் மூக்கு வெளியே வந்துவிட்டது. பசு ஒரு சாண் தூரத்தில் நிற்கிறது.

எனக்கும் திரும்பிப் போகக் கூடாத ஒருத்தி உண்டு. அதனால் இந்த இடத்தில் என் கையை நம்ப முடியாது. கொக்கியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.