ஞாயிற்றுக்கிழமைச் சக்கரங்கள்

கம்பிகள் ஒவ்வொன்றாக அறுகின்றன, சைக்கிள் கடையில் போக்ஸ் கம்பியைக் குறடால் வெட்டும் அதே சத்தம், பொள்ளாச்சி சாலையில் உச்சி வெயில், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாத நான் பட்டுப்புடவையோடு புளியமரத்தடியில் நிற்கிறேன், அவர் காரின் பின்சக்கரத்தின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து அதைத் தடவிக்கொண்டிருக்கிறார், ஆழியாறு வழியாக வால்பாறை போவதாகத்தான் கிளம்பினோம், தாகமா இருக்குங்க என்றேன், அவருக்குக் கேட்கவில்லை, ஒரு பொருளின் மேல் இத்தனை பிரியம் வைக்கிற ஆள் மனுஷி மேல் எவ்வளவு வைப்பார் என்று நினைத்துக்கொண்டு நின்றேன், அத்தனை முட்டாளாக இருந்தேன்.

அது பச்சை நிறப் பந்தய வண்டி, கூரை கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம், மில்லில் இருந்த வெள்ளைக்கார மேனேஜர் ஊர் திரும்பும்போது என் மாமனாரிடம் விற்றுவிட்டுப் போனது, பிறகு என் கணவர் குழந்தைவேலுவின் கைக்கு வந்தது, கம்பி அறுந்த அன்று லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் வீட்டு ஷெட்டில் சக்கரங்களைக் கழற்றி நான்கு கருங்கற்களின் மேல் நிறுத்தினார், அந்தக் கம்பிச் சக்கரம் சீமையிலிருந்துதான் வரவேண்டும், ஒரு மில் சூப்பர்வைசர் வாங்குகிற விலை இல்லை, இங்கே கிடைக்கிற வேறு சக்கரம் பார்க்கலாம் என்றார், ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின, கோயமுத்தூரிலேயே உக்கடம் பழைய இரும்புக் கடைகள், ஒருமுறை பெங்களூர், ஒருமுறை சென்னை புதுப்பேட்டை, கிரீஸ் படிந்த சந்துகளில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவர் பின்னால் நடக்கிறேன், அவர் ஓர் அலாய் வீலை எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், துளை நாலும் சரியா வருமா, உள்பக்கம் எவ்வளவு இறங்கும், மட்கார்டுல உரசுமா, எல்லாம் உட்காருமுங்க என்கிறார் கடைக்காரர், பிறகு என் பக்கம் திரும்பி எப்படி இருக்கு என்று கேட்பார், நல்லாத்தானுங்க இருக்கு என்பேன், நிஜமாகவே நன்றாகத்தான் இருக்கும், அவர் அதைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பார், பட்டு வேட்டிக்கு ரப்பர் செருப்புப் போடச் சொல்ற, உனக்கு எதைப் பார்த்தாலும் நல்லாத்தான் இருக்கும், கடைக்காரரும் சேர்ந்து சிரிப்பார்.

வருஷங்களைச் சக்கரங்களாகத்தான் நினைவு வைத்திருக்கிறேன், ஐந்து கை வைத்த சக்கரம் பார்த்த வருஷம் எனக்குக் கரு கலைந்தது, வலை பின்னின மாதிரி ஒன்று பார்த்த வருஷம் அம்மா போனாள், எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை, ஞாயிறு சாயங்காலம் ஷெட்டுக்குள் போய், சக்கரமில்லாத வண்டியில் ஏறி உட்கார்ந்து, என்ஜினை ஸ்டார்ட் செய்து, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார், புகை சமையலறைக்குள் வரும், நான் ஜன்னலைச் சாத்துவேன், ஒருநாள் போய் நானும் பக்கத்துல உக்காரட்டுங்களா என்று கேட்டேன், கல்லு தாங்காது என்றார், கேட்டது நிஜமா கனவா என்று இடையில் சில காலம் குழம்பியிருக்கிறேன், ஏனென்றால் கனவிலும் அந்த ஷெட் வருகிறது, கனவில் நான் ஏறி உட்கார்ந்துவிடுகிறேன், கல் தாங்குகிறது, வண்டி நின்ற இடத்திலேயே மலையேறுகிறது, தேயிலை வாசனை, குளிர், அவர் திரும்பிப் பார்த்து யாரு நீ என்கிறார், விழித்தால் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார்.

போன ஐப்பசியில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சரிந்தார், அதோடு போய்விட்டார், வீட்டை விற்க வேண்டியதாயிற்று, வாங்கினவர் ஷெட்டைக் காலி செய்யச் சொன்னார், ஷாஜகான்தான் அவருடைய மற்ற வண்டிகளையெல்லாம் பார்த்துவந்த மெக்கானிக், கூப்பிட்டு இது ஓடணும் என்றேன், வீலுங்கம்மா என்று தலையைச் சொறிந்தான், நானே பார்க்கறேன் என்று அவனோடு உக்கடம் போனேன், எந்தச் சந்து என்று எனக்குத் தெரியும், என்ன கேட்கவேண்டும் என்றும் தெரியும், துளை, உள்பக்க இறக்கம், உரசல், இடிபட்ட சின்னக் கார் ஒன்றிலிருந்து கழற்றிய நான்கு அலாய் வீல்கள், ஓரத்தில் கொஞ்சம் சிராய்ப்பு, விலையும் கைக்கு அடக்கம், இதையே கட்டுங்க என்றேன், கடைக்காரர் சொன்ன டீ வருவதற்குள் வேலை முடிந்துவிட்டது, மறுநாள் ஷாஜகான் சக்கரம் மாட்டுகிற பாகத்தை மாற்றி, பிரேக்கைச் சரிபார்த்து, வண்டியைக் கல்லிலிருந்து இறக்கினபோது நான் இன்னும் சோறு வடிக்கவில்லை, இவ்வளவுதானா என்றேன், இவ்வளவுதானுங்கம்மா, இதை முன்னாடியே செஞ்சிருக்கலாமா, எப்ப வேணாலும் செஞ்சிருக்கலாமுங்க, சார்கிட்ட எத்தனையோ தடவை சொல்லியிருக்கறனுங்க, சார் என்ன சொன்னாரு, அவன் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்தான், வண்டி ரெடியானா வீட்டுக்காரி வால்பாறை கூட்டிட்டுப் போன்னு உசுரை வாங்குவா, அது பாட்டுக்கு நிக்கட்டும்டான்னு சொல்லுவாருங்க, தமாஷுக்குத்தானுங்க, நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது, பிறகு உள்ளே போய் அரிசி களைந்தேன், களைந்துகொண்டே இருந்தேன், தண்ணீர் தெளிந்த பிறகும்.

சாயங்காலம் பொள்ளாச்சியிலிருந்து நாத்தனார் சுலோச்சனா போன் செய்தாள், யார் சொன்னார்களோ, அந்த டூப்ளிகேட் வீலையா அண்ணி அண்ணன் வண்டிக்குப் போட்டீங்க, அவரு எப்படிப் பொத்திப் பொத்தி வச்சிருந்தாரு, பாவம், எங்கண்ணனுக்குக் கடைசி வரைக்கும் மனசுக்குப் புடிச்ச மாதிரி எதுவுமே அமையல, எதுவுமே என்றதில் நானும் இருக்கிறேன் என்பது அவளுக்கும் உடனே உறைத்திருக்கவேண்டும், சாப்பிட்டீங்களா அண்ணி என்று பேச்சை மாற்றினாள், சரி சுலோச்சனா என்று வைத்துவிட்டேன்.

விடிந்ததும் நானே ஓட்டிக்கொண்டு கிளம்பினேன், டிரைவிங் ஸ்கூல் மாருதியில் கற்றுக்கொண்ட கை, ஸ்டீயரிங் கல்லாகக் கனத்தது, என்ஜின் சூடு கணுக்காலைச் சுட்டது, புகை, இரைச்சல், லாரி கடந்தால் வாயெல்லாம் மண், கிணத்துக்கடவு தாண்டுவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று, ஆழியாறு அணை ஓரம் நிறுத்தி இறங்கி அந்த வண்டியைச் சுற்றிவந்து பார்த்தேன், சின்ன வண்டி, சத்தம் போடுகிற சின்ன வண்டி, இதற்காகவா, மலை எதிரே நின்றது, ஏறிப் போயிருக்கலாம், எதற்கென்று தோன்றிவிட்டது, திருப்பினேன்.

பொள்ளாச்சியில் சுலோச்சனா காய்கறிப் பையோடு வாசலில் நின்றாள், சாவியை நீட்டினேன், உங்கண்ணன் வண்டி, வச்சுக்கோ, ஓடுது, அவள் சக்கரங்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ள வாங்க அண்ணி, காபி குடிச்சுட்டுப் போலாம் என்றாள், பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நடந்துவிட்டேன்.

கோயமுத்தூர் பஸ்ஸில் பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மாள், என் முகத்தில் அப்பியிருந்த தூசியைப் பார்த்துத் தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தாள், குடித்தேன், தனியாவா போறீங்க, ஊட்டுக்காரரு வரலீங்களா, தவறிட்டாருங்க என்றேன், அடப் பாவமே, எப்பங்கம்மா, பஸ் கிளம்பி வளைவில் திரும்பியது, நான் பாட்டிலை மூடிக் கொடுத்துவிட்டுச் சொன்னேன், கல்யாணமான புதுசுலயேங்க.