எட்டுப் பேர் கூடாரம்

பழங்கால ரோமானியச் சிப்பாய்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிய கண்காட்சி ஈப்போ நகருக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை நான் இங்கிலாந்துக்கு, கிடங்கு வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் அம்மாவை எங்காவது கூட்டிப்போக ஆசை. அம்மாவுக்கு விருப்பமில்லை.

"கோலின், இவனுங்கதானடா ஏசு சாமிய ஆணியில அடிச்சவனுங்க. இவனுங்க சாப்பிட்ட தட்ட நான் எதுக்குப் பாக்கணும்?"

"இவங்க இங்கிலாந்துல காவலுக்கு இருந்தவங்கம்மா. வேற பட்டாளம்."

"எல்லாம் ஒரே ஆளுங்கதான் லா."

எங்கள் ஊர் செமோர் தேவாலயத்தில் வருடாவருடம் புனித வெள்ளி நாடகத்தில் செபாஸ்டியன் மாமாதான் ரோமானியச் சிப்பாய் வேடம் போடுவார். அன்று முழுக்க அம்மா சொந்தத் தம்பியோடு பேசமாட்டார்.

கண்ணாடிக்குள் ஆணி அடித்த செருப்புகள் இருந்தன. அம்மா அவற்றை முறைத்தபடியே கடந்தார். அடுத்து, தோல் கூடாரம் ஒன்றை அசல் அளவில் போட்டிருந்தார்கள். உள்ளே எட்டுப் பாய்கள், ஒரு திருகைக்கல், ஒரே ஒரு வாணலி.

"எட்டுப் பேரா? இதுக்குள்ள எப்படிப் படுப்பானுங்க?"

"ஒருத்தன் திரும்பினா எல்லாரும் திரும்பணும்மா. பழகிடும்."

சொன்ன பிறகுதான் உளறிவிட்டது உறைத்தது. எனக்குத் தனி அறை என்றுதான் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தேன். உண்மை தெரிந்தால் அம்மா என்னைத் திரும்பிப் போக விடமாட்டார்.

அம்மா கூடாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும் லா."

"என்ன தெரியும்?"

கைப்பையிலிருந்து போனை எடுத்தார். நான் எப்போதும் வாயால் சொல்லித்தான் செய்தி அனுப்புவேன். போன் அதை எழுதிக்கொள்ளும். பழைய செய்தி ஒன்றைக் காட்டினார். 'அம்மா நல்லா இருக்கேன் தனி ரூம் டேய் தனேஷ் கால எடுடா ஜன்னல் பக்கம் நல்ல வெளிச்சம்.'

அனுப்பியதை நான் ஒருநாளும் திருப்பிப் படித்ததில்லை.

"ஏம்மா கேக்கல?"

"கேட்டா அடுத்த வாட்டி வெளிய போயி நின்னு பேசுவ. குளிருல."

அம்மா அந்த எட்டுப் பாய்களையும் பார்த்து, யாருக்கும் தெரியாமல் காற்றில் சின்னதாய்ச் சிலுவை போட்டார்.

"யாரு பெத்த பிள்ளைங்களோ. ஒங்க ரூமுல நீங்க எத்தன பேரு?"

"ஆறு."

"நீ எந்தப் பக்கம் படுக்கிற?"

"கதவோரம். பக்கத்துல தனேஷ்."

அம்மா போனைக் கைப்பைக்குள் வைத்தார்.

"திங்கக்கெழம பெட்டியில ரெண்டு கம்பளி வச்சு விடுறேன். ஒண்ணு அவனுக்குக் குடு. அவன் கால அவன் கம்பளிக்குள்ள வச்சுக்கட்டும்."