மதிலுக்கு மேல் பார்த்தவர்கள்

டெல்மா பெர்னாசாவுக்கு அந்த ஷெட்டைப் பார்த்த அன்றே சந்தேகம் வந்துவிட்டது. வீடு கட்டாமல் முதலில் கார் ஷெட்டைக் கட்டுகிற மனிதனை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. இரண்டு தெரு சேரும் மூலையில் நல்ல மனை. அதில் நான்கு வண்டி தாராளமாக நிற்கும் ஷெட், தரை முழுக்க சிவப்பு ஓடு, நடுவில் இறங்கி நின்று வேலை பார்க்க ஒரு பள்ளம். கட்டியவன் குடியிருந்தது ஷெட்டுக்குப் பின்னால் ஒட்டியிருந்த ஒற்றை அறையில். அங்கே ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும்தான். பெயர் அனிபால் பெர்டோமோ, தலைநகர் மொன்டேவிடியோவிலிருந்து வந்தவன். அந்தப் பெரிய ஷெட்டில் நிறுத்த அவனிடம் ஒரு கார்கூடக் கிடையாது.

"நாலு வண்டிக்கு இடம், ஒரு வண்டியும் இல்ல. இது உனக்கு விசித்திரமா படலையா?" என்றாள் டெல்மா.

"எனக்குப் பொறாமையாதான் படுது," என்றார் வால்டெமார்.

அவர்கள் இருவரும் டெல்மாவின் கறுப்பு சிட்ரோயன் காரில் உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கம் கலைந்ததும் அவர்களுக்கு அதுதான் வேலை. டெல்மா சதுக்கத்தில் துணியும் பொத்தானும் விற்கும் கடை வைத்திருந்தாள். கணவனைப் பிரிந்து வெகுகாலமாயிற்று. வால்டெமார் ஊரின் மாட்டு டாக்டர். அவர் மனைவி ஞாயிறானால் தங்கை வீட்டுக்குச் சீட்டாடப் போய்விடுவாள். டெல்மா வண்டியை இரண்டாவது கியரிலேயே ஊர்ந்து ஓட்டுவாள். வால்டெமார் முழங்காலுக்கு நடுவில் வெந்நீர்க் குடுவையை இடுக்கிக்கொண்டு மாத்தே என்ற மூலிகைத் தேநீரை ஊற்றி ஊற்றிக் கொடுப்பார். மதிலுக்கு மேலே, கேட் கம்பிக்கு இடையே, யார் வீட்டில் என்ன வண்டி நிற்கிறது, ஷெட் ஒழுகுகிறதா, பக்கவாட்டில் வண்டி போக வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே போவார்கள். மனை அகலமாக இருந்து அங்கே ரோஜாச் செடி மட்டும் இருந்தால் இருவருக்கும் வயிறு எரியும்.

"இவ்வளவு இடத்துல செடி வெச்சிருக்கான் பாரு, பாவி," என்பார் வால்டெமார்.

அது தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் கொலோனியா பக்கத்தில் அப்போதும் தானியக் கிடங்குகளிலும் வீட்டுக் கொட்டகைகளிலும் முப்பதுகளில் செய்த கார்கள் கோணித் துணியின் கீழே கிடந்தன. அதை மோப்பம் பிடித்து விலைக்கு வாங்க வெளிநாட்டு ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். எங்கள் ஊருக்கு வந்தவன் டச்சுக்காரன். ஊரில் எல்லோரும் அவனை ஜெர்மன்காரன் என்றே சொன்னோம். ஒரு லாரியோடு வருவான், ஒரு காரை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குப் போய்விடுவான். அனிபால் குடிவந்த அதே இலையுதிர்காலத்தில்தான் மருந்துக்கடைக்காரர் வீட்டு ஹட்சன் கார் போயிற்று. அதற்குப் பிறகு எலிடாம்மாவின் லான்சியா.

லான்சியா போனதை டெல்மாவால் தாங்க முடியவில்லை. எலிடாம்மா கணவனை இழந்தவர், வயது எழுபதுக்கு மேல். சாம்பல் நிற அப்ரிலியா மாடல் அது. கதவுகளுக்கு நடுவில் தூண் கிடையாது. இரண்டையும் திறந்தால் பக்கம் முழுக்கத் திறந்துகொள்ளும். வருஷக்கணக்காக அந்த மதிலோரம் வண்டியை நிறுத்தி, ஷெட் கதவு திறந்திருக்காதா என்று டெல்மா எட்டிப் பார்த்திருக்கிறாள்.

"யாரோ உள்ளூர் ஆள்தான் துப்பு கொடுக்கறான். அந்த ஜெர்மன்காரனுக்கு எலிடாம்மா ஷெட்டுக்குள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்றாள்.

"ஊருக்கே தெரியுமே."

"நமக்குத் தெரியும். ஊருக்கு அது பழைய இரும்பு."

வால்டெமார் மாத்தேயை உறிஞ்சிவிட்டு அடுத்த வீட்டு மதிலைக் கைகாட்டினார். அவர் பேச்சை மாற்றியதை அவள் கவனித்தாள்.

அனிபால் தெருத்தெருவாக நடந்து போவான். யார் வண்டியைக் கழுவினாலும் நின்றுவிடுவான். "அடடா, இருக்கை இன்னும் அந்தக் காலத்துத் தோலா? எஞ்சின் மாத்தவே இல்லையா? ராத்திரி உள்ளேதானே நிறுத்துவீங்க?" என்று கேட்பான். இதையே வால்டெமார் கேட்டிருந்தால் யாரும் தப்பாக எடுத்திருக்க மாட்டார்கள். அனிபால் கேட்டதும் எங்களில் பலர் ஷெட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கினோம்.

ஒருநாள் டெல்மாவின் கடைக்கும் வந்தான். கறுப்பு நூல் வேண்டும் என்றான். கண் முழுக்க வாசலில் நின்ற சிட்ரோயன்மேல்.

"ஐம்பத்தொண்ணு மாடலா?"

"ஆமா."

"தனியாவா ஓட்டறீங்க?"

"உங்களுக்கு நூல் எத்தனை வேணும்?" என்றாள் டெல்மா. அன்று மாலையே வண்டியைப் பின்பக்க ஷெட்டில் விட்டு, ஜன்னலை உள்ளிருந்து பலகையால் அடைத்தாள்.

ஆனால் அவளை அதைவிட அதிகம் அரித்தது வேறொன்று. வால்டெமாரின் பழைய செவ்ரோலே பிக்கப்புக்கு அந்த மாதம் புதுக் கார்பரேட்டர் வந்திருந்தது. எத்தனையோ காலமாகக் கிடைக்காமல் தேடிக்கொண்டிருந்த சாமான். எங்கே கிடைத்தது என்று கேட்டாள்.

"கிடைச்சுது," என்றார்.

"எங்கேன்னு கேட்டேன்."

"ஒருத்தர் கொடுத்தார். விடேன், டெல்மா."

அவள் விடவில்லை. ஊரில் எந்தக் கிடங்கில் எந்தக் கார் கிடக்கிறது என்று வால்டெமாரைப்போல் அறிந்தவர் யாருமில்லை. மாட்டுக்கு ஊசி போடப் போகிற சாக்கில் எல்லாக் கொட்டகைக்குள்ளும் நுழைந்தவர். ஒரு வாரம் யோசித்துவிட்டு இரண்டு பொய்களைத் தயார் செய்தாள்.

வால்டெமாரிடம் சொன்னாள்: "என் சித்தப்பா மக நில்டா பால்பண்ணை இருக்குல்ல, அங்கே பழைய வைக்கோல் கொட்டகையில ஒரு பேக்கார்ட் கிடக்காம். பன்னிரண்டு சிலிண்டர். யார்கிட்டயும் சொல்லாதே."

அனிபாலிடம், நூலுக்கு மறுபடி வந்தபோது, பேச்சுவாக்கில் சொன்னாள்: "ஓடைக்குப் பக்கத்துல மூடிக் கிடக்கற மாவு மில் இருக்கே, அதுக்குள்ள ஒரு இஸ்பானோ காரு நிக்குதுன்னு கேள்வி."

நில்டாவிடம் விஷயத்தைச் சொல்லி வைத்தாள். மில்லின் காவலாளியிடமும் சொல்லி வைத்தாள். டச்சுக்காரன் எந்த வாசலில் வந்து நிற்கிறானோ, அந்தப் பொய்யைக் கேட்டவன்தான் துப்புக்காரன்.

குளிர்காலம் வந்து மழை பிடித்துக்கொண்டது. ஒரு வியாழக்கிழமை கடையில் போன் அடித்தது. நில்டா சிரிப்பை அடக்க முடியாமல் பேசினாள்.

"ஆள் வந்தாச்சு."

"ஜெர்மன்காரனா?"

"இல்லடி, உன் டாக்டர்! தனியா வந்திருக்காரு. வழியில சேத்துல வண்டி புதைஞ்சு, எங்க டிராக்டர வெச்சு இழுத்தோம். கையில கேக் டப்பா வேற. மாட்டைப் பார்க்க வந்தேன்கறாரு. நாங்க கூப்பிடவே இல்லையே! பேசிக்கிட்டே கொட்டகைப் பக்கம் நழுவறாரு. வைக்கோலைக் குச்சியால குத்திக் குத்திப் பார்க்கறாரு."

டெல்மா சிரிக்கவில்லை. ரிசீவரை வைத்தாள். டச்சுக்காரனை அனுப்புவதற்கு முன்னால் வால்டெமார் தானே போய் உறுதி செய்துகொள்கிறார் என்று நினைத்தாள். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, இருவரும் சேர்ந்து பார்த்ததை அவனிடம் விற்றிருக்கிறார் என்று நினைத்தாள். அந்த ஞாயிறு அவள் அவர் வீட்டு கேட்டில் போய் ஹாரன் அடிக்கவில்லை. அவரும் வந்து கேட்கவில்லை.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ அனிபால் கடைக்குள் வந்தான். இந்த முறை நூல் கேட்கவில்லை.

"அந்த மில்லுல இஸ்பானோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எதுக்குங்க என்கிட்ட அப்படிச் சொன்னீங்க?"

"போய்ப் பார்த்தீங்களா?"

"இப்பப் போகல. போன வருஷமே பார்த்துட்டேன். மனை வாங்கறதுக்கு முன்னால இந்த ஊர்ல ஒரு கிடங்கு விடாம பார்த்திருக்கேன்."

டெல்மா நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு?"

"வாங்கத்தான். எனக்கு." அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "இருபது வருஷத்துக்கு மேல பஸ் ஓட்டினவன் நான். அடுக்குமாடியில குடியிருந்தேன். ஒரு மோரிஸ் வாங்கி, நிறுத்த இடமில்லாம தெருவுல மழையில விட்டேன். தரையைப் பிச்சுக்கிட்டு கால் வெளியே வர்ற அளவுக்குத் துரு தின்னுடுச்சு. அதுக்கப்புறம்தான் முடிவு பண்ணேன், முதல்ல இடம், அப்புறம்தான் வண்டி. இடத்துக்கே காசெல்லாம் போயிடுச்சு. அதனால எல்லாரோட வண்டியையும் பார்த்துக்கிட்டுத் திரியறேன். இந்த ஊர்ல அதுக்குக்கூட பூட்டு வாங்கறீங்க."

அவன் போன பிறகும் டெல்மா அவனை முழுதாக நம்பவில்லை. கடையைச் சாத்திவிட்டு நேராக எலிடாம்மா வீட்டுக்கு நடந்தாள். முதலில் அங்கேதானே கேட்டிருக்க வேண்டும்? ஏன் கேட்கவில்லை என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த மதிலை அவள் எத்தனையோ தடவை எட்டிப் பார்த்திருக்கிறாள். அதன் கேட்டை அன்றுதான் முதல்முறையாகத் திறந்தாள்.

லான்சியா நின்ற ஷெட்டில் வெள்ளை அடித்திருந்தது. நீள மேசையில் மாவு தூவி, வரிசை வரிசையாக ரவியோலி என்ற பூரணம் வைத்த மாவுத் துண்டுகள் காய்ந்துகொண்டிருந்தன. எலிடாம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு கட்டையை உருட்டிக்கொண்டிருந்தார்.

"கால் கிலோவா, அரைக் கிலோவா? கீரை வெச்சது தீர்ந்துபோச்சு."

"எலிடாம்மா, ஒண்ணு கேட்கணும். லான்சியாவைப் பத்தி அந்த ஜெர்மன்காரன்கிட்ட யார் சொன்னது?"

"அவன் டச்சு. நான்தான் சொன்னேன்."

"நீங்களா?"

"பேப்பர்ல விளம்பரம் போட்டிருந்தான். போன் பண்ணேன், வந்தான். மருந்துக்கடைக்காரர் மருமகளுக்கும் நான்தான் நம்பர் கொடுத்தேன். அவளுக்கும் இடம் வேண்டியிருந்துச்சு." எலிடாம்மா கையை இடுப்பில் கட்டிய துணியில் துடைத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீயும் அந்த மாட்டு டாக்டரும் என் மதிலுக்கு மேல எட்டிப் பார்த்தீங்களே, எத்தனை வருஷம்! நான் ஜன்னல்ல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருப்பேன். இன்னைக்காவது உள்ளே வந்து 'எலிடா, விக்கறியா'ன்னு கேப்பாங்களான்னு. கேட்டிருந்தா பாதி விலைக்குக் கொடுத்திருப்பேன், போ. எனக்கு இடம்தான் வேண்டியிருந்துச்சு. அந்த வண்டி என்னை ஒருநாளும் எங்கேயும் கூட்டிட்டுப் போனதில்ல. என் வீட்டுக்காரர் தனியாத்தான் ஓட்டுவார்."

டெல்மா அரைக் கிலோ ரவியோலி வாங்கிக்கொண்டாள்.

"அந்த டாக்டருக்கு ஒரு கார்பரேட்டர் கொடுத்தேனே, பொருந்திச்சாமா? என் வீட்டுக்காரர் அலமாரியில கிடந்துச்சு. நாய்க்கு வைத்தியம் பார்த்தார், காசு வாங்கல. வெளியே சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். தெரிஞ்சா ஊர்ல பாதிப் பேர் அலமாரியைக் குடைய வந்து நிப்பாங்க."

ரவியோலிப் பொட்டலத்தோடு அவள் வால்டெமார் வீட்டுக்குப் போனாள். அவர் பிக்கப்பின் அடியில் படுத்துக் காய்ந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். வெளியே வரவில்லை. பூட்ஸ் காலோடுதான் அவள் பேசவேண்டியிருந்தது.

"நில்டா பண்ணையில பேக்கார்ட் இல்ல."

"தெரியும்."

"நான்தான் பொய் சொன்னேன். நீ துப்பு கொடுக்கறியான்னு பார்க்க."

சுரண்டும் சத்தம் நின்றது. "அப்படித்தான் நெனச்சியா என்னை?"

"நீ மட்டும் என்ன? யார்கிட்டயும் சொல்லாதேன்னு உன்கிட்ட சொன்னா, என்கிட்டயே சொல்லாம கேக்கைத் தூக்கிட்டு ஓடியிருக்கே. எதுக்குப் போனே?"

மறுபடி கொஞ்சம் சேற்றைச் சுரண்டினார். பிறகு வண்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "எனக்கு வேணும்னுதான். நீ முந்திக்குவேன்னு பயம். உன்கிட்ட சிட்ரோயன் இருக்கு. என்கிட்ட மாட்டுச் சாணி ஏத்தற பிக்கப்தானே இருக்கு. வாங்கி, துடைச்சு, ஒரு ஞாயித்துக்கிழமை உன் வாசல்ல கொண்டாந்து நிறுத்தி ஹாரன் அடிக்கணும்னு ஆசைப்பட்டேன். போதுமா?"

"போதும்," என்றாள். பொட்டலத்தைப் படியில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

குளிர்காலம் முடியும்வரை இருவரும் பேசவில்லை. ஊரில் நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்தோம். அந்த மாதங்களில் டெல்மா ஒரு நல்ல காரியம் செய்தாள். அனிபாலை அழைத்துப்போய்த் தபால்காரர் வீட்டுக் கதவைத் தட்டி, ஓடாமல் கிடந்த ஒரு ஓப்பல் காரைத் தவணைக்குப் பேசி முடித்துக் கொடுத்தாள். அதைத் தள்ளிக்கொண்டுபோய் அந்தச் சிவப்பு ஓட்டுத் தரையில் நிறுத்த நாங்கள் ஆறேழு பேர் போனோம். அனிபால் டயரைத் துடைத்த பிறகுதான் உள்ளே விட்டான்.

தள்ள வந்தவர்களில் வால்டெமாரும் இருந்தார். வேலை முடிந்ததும் கைத்தூசியைத் தட்டிக்கொண்டு டெல்மாவிடம் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை வரேன். ஆனா மதில் மேல எட்டிப் பார்க்கறதில்ல. கதவைத் தட்டிக் கேக்கறோம்."

முதலில் தட்டியது ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த அகலமான மனையில், ஒலெகாரியோ என்ற ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர் வீட்டில். அவர் ஷெட்டில் தார்ப்பாய்க்கு அடியில் நீளமாக ஏதோ இருந்தது. டெல்மா அதை ஸ்டூடிபேக்கர் என்பாள், வால்டெமார் நாஷ் என்பார். கதவு ஒரு விரல் அளவு திறந்தது.

"நீங்கதானா! அந்தக் கறுப்பு வண்டி!" என்றார் ஒலெகாரியோ. "மெதுவா ஊர்ந்துபோய், நின்னு, என் ஷெட்டையே பார்க்கற ஆளுங்க. வண்டி நம்பரைப் போலீஸ்ல கொடுத்து வெச்சிருக்கேன், தெரியுமா? இங்கே ஹட்சன் போச்சு, லான்சியா போச்சு. எல்லாம் நீங்க பார்த்துட்டுப் போனதுக்கப்புறம்தான்."

வால்டெமார் தான் மாட்டு டாக்டர் என்றார். டெல்மா சதுக்கத்தில் தன் கடையிருப்பதைச் சொன்னாள். சும்மா பார்க்கத்தான், ஆசைக்குத்தான் என்றார்கள். அவர் முகம் இளகவில்லை.

"அந்தம்மா மட்டும் வரட்டும். நீ அங்கேயே, என் கண்ணுல படற மாதிரி நில்லுய்யா."

டெல்மா உள்ளே போனாள். வால்டெமார் கேட்டைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிறுத்திய பையனைப்போல் நின்றார். சற்று நேரத்தில் அவள் திரும்பி வந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, வருத்தமும் இல்லை.

"என்ன வண்டி?"

"வண்டியே இல்ல. படகு."

வால்டெமார் அவள் கண்ணையே பார்த்தார். "பொய் சொல்றே."

"சத்தியமா படகுதான். அவரே செஞ்சது. இன்னும் பாதி பலகை பாக்கி."

"நாஷ்தானே? என்கிட்ட சொல்லாம நீ மட்டும் பேசி முடிக்கப் போறே."

அவள் எவ்வளவோ சொன்னாள். வழி முழுக்கச் சொன்னாள். அவர் வெந்நீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு, மாத்தே ஊற்றாமல், ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் ஒலெகாரியோவின் நாய்க்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, பையைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன் பக்கம் போனதாகக் கேள்வி.