அரசனின் கடைசி வசனம்

பூவிழியோடு வகுப்பில் யாரும் பேசி இருபத்தாறு நாளாகிவிட்டது என்பது எனக்கு இருபத்தாறாம் நாள்தான் தெரிந்தது. அதுவரை எப்படித் தெரியாமல் போனது என்று நினைத்தால் இன்றைக்கும் என் மேல் எனக்கே எரிச்சல் வருகிறது. அன்றைக்கு அவளாகவே ஆசிரியர் அறைக்கு வந்து டீசி கேட்டாள்.

"இன்னாத்துக்கு இப்போ டீசி? பதினொண்ணாவது பாதியில நிக்கிற."

"வீட்ல இருந்தா நைனாவாவது பேசுவாரு டீச்சர். இங்க நான் இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்."

பிறகு துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. அவள் அப்பா தேசப்பன் ஏரியில் மீன் பிடிக்கிறவர். அவர்கள் குப்பத்தில் யார், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்குச் சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். தன் முறையை வேறு ஆளுக்கு மாற்றிவிட்டதாகச் சொல்லி தேசப்பன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். ஊர் வழக்கு ஸ்டேஷன் படி ஏறக்கூடாது. சபையில் விழுந்து மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அவர் மாட்டேன் என்றார். வீட்டையே ஒதுக்கி வைத்துவிட்டார்கள். அந்த வீட்டாரோடு குப்பத்தில் யார் ஒரு வார்த்தை பேசினாலும் அவர்களுக்கும் அதே கதி. இந்தக் கட்டுப்பாடு குப்பத்து எல்லையோடு நிற்பதில்லை. பிள்ளைகளோடு பஸ் ஏறி என் வகுப்பு வரைக்கும் வந்திருந்தது. முப்பத்தொரு பேரில் இருபத்து மூன்று பேர் அந்தக் குப்பம். மீதிப் பேருக்கு, நமக்கு எதுக்கு வம்பு.

"அது அவங்க ஊர் விஷயம், ரோஸ்மேரி மேடம்" என்றார் தலைமையாசிரியர். எனக்கு ரத்தம் கொதித்தது. நான் திருப்பாலைவனத்திலிருந்து வந்து போகிறவள். வெளியூர்க்காரிக்கு எல்லாமே சுலபமாகத் தெரியும்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இரு. அப்புறம் நானே கையெழுத்து வாங்கித் தரேன்" என்று பூவிழியை அனுப்பிவைத்தேன். அந்த வாரம் ஒரு பழைய சோக நாடகம் பாடம். அதை வைத்து ஒரு வேலை செய்யலாம் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

நாடகம் இதுதான். புயலில் சிக்கிய எதிரி நாட்டுப் படகுக்கு யாரோ விளக்குக் காட்டிக் கரை சேர்த்துவிடுகிறார்கள். யார் என்று தெரிவதற்கு முன்பே அரசன் ஆணை போடுகிறான்: அந்த ஆளோடு இந்த நாட்டில் எவரும் பேசக்கூடாது. விளக்குக் காட்டியது அவன் மகள். போட்ட ஆணையை எடுக்க அவனுக்கு வாய் வரவில்லை. கடைசியில் மனம் தாங்காமல் அவளிடம் ஓடுகிறான். அவள் இறந்து கிடக்கிறாள். பாடம் இங்கிலீஷில் இருந்தது. இங்கிலீஷில் செத்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அழுகை வராது. அதனால் அவர்கள் பேச்சிலேயே நடிக்கச் சொன்னேன்.

மகள், பூவிழி. அரசன், சரவணன். அவன்தான் நன்றாக வாசிப்பான் என்று வகுப்பில் சொன்னேன். அது உண்மைதான். அவன் ஊர்த் தலைவர் ஆதிநாராயணனின் மகன் என்பதைச் சொல்லவில்லை. தலைவர் மகனே பேசிவிட்டால் அப்புறம் யார் யாரைத் தடுப்பது என்பது என் கணக்கு.

வியாழக்கிழமை சரவணன் வந்து நின்றான்.

"டீச்சர், எனக்கு வேற வேசம் குடுங்க."

"ஏன், ராஜா வேஷம் கசக்குதா?"

"கடைசில நான் அந்தப் பொண்ணாண்ட பேசணும்."

"நீ பேசலடா. ராஜா பேசுறான்."

"வாய் என்னுதுதான டீச்சர்?"

அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லியிருக்க வேண்டும். நான் "இந்த வயசுல இவ்ளோ பயமா?" என்று குத்தினேன். அவன் முகம் சிவந்துபோய், நடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட். பெஞ்சுகளை ஒதுக்கிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆதிநாராயணன் நின்றார். சலவைச் சட்டை, கையில் போன்.

"பசங்க இன்னாவோ நாடகம் போடுதுங்கன்னாங்க. ஹெச்செம்மாண்ட கேட்டுக்கினுதான் வந்தேன். நீங்க நடத்துங்க டீச்சர்."

கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து போனைக் கவிழ்த்து வைத்தார்.   நான் நிறுத்தவில்லை. இவருக்காக நிறுத்துவதா என்ற வீம்பு.

முதல் காட்சிகள் ஓடின. ஊர் ஜனங்களாக நடித்தவர்கள் பூவிழி பக்கத்தில் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்கு நான் ஒத்திகையே வைக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசிக் காட்சிக்கு இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டோம். பூவிழி அதில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். சரவணன் வந்து அவள் தலைமாட்டில் நின்றான். "அம்மாடி, ஒரு வார்த்த பேசு" என்பதுதான் அவன் வசனம். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அப்பாவைப் பார்த்தான். அவர் அசையவில்லை. "சரவணன்" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். அவன் கழுத்தெல்லாம் வியர்த்துக் கொட்டியது. பின்னால் ஒரு பெண் விசும்ப ஆரம்பித்தாள்.

அப்போது பூவிழி கண்ணைத் திறக்காமலே பேசினாள். "டீச்சர், இந்த சீன்ல நான் செத்துட்டேன். செத்தவங்களாண்ட பேசுனா ஊர்ல தப்பு கெடையாது. அவனாண்ட சொல்லுங்க."

நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன். எல்லோரும் அங்கேதான் பார்த்தார்கள். ஆதிநாராயணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது சரிதான். சாவுல பேசலாம். அது வழக்கத்துல இருக்குது."

பதினாறு வயதுப் பெண்ணோடு பேச அவள் சாக வேண்டியிருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சரவணன் மண்டியிட்டான். "அம்மாடி, ஒரு வார்த்த பேசு" என்றான். அவள் கிடந்தாள். "பேசும்மா. நான் போட்ட ஆணைய நானே எடுத்துட்டேன். பேசு." அவ்வளவுதான் வசனம். அதோடு அவன் எழுந்து திரும்ப வேண்டும். அவன் எழவில்லை.

"பூவிழி" என்றான். குரல் உடைந்திருந்தது. "ஏந்திரி பூவிழி. சும்மா அப்படியே படுத்துக்கினு இருக்காத, பயமா இருக்குது. ஏந்திரி. பஸ்ஸு பூடும்."

அவள் கண்ணைத் திறந்தாள். அவனையே பார்த்தாள்.

"மணி இன்னா?" என்று கேட்டாள்.

"நாலு இருவது."

வகுப்பே சிரித்துவிட்டது. சிரிப்பென்றால் அழுகையோடு கலந்த சிரிப்பு. நானும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இருபத்தொன்பது நாளைக்குப் பிறகு ஒருத்தன் அவளுக்கு மணி சொல்லியிருக்கிறான்.

ஆதிநாராயணன் எழுந்து முன்னால் வந்தார். சிரிப்பு அடங்கியது.

"டீச்சர், அந்தக் கடைசிப் பேச்சு இருக்குதே, பஸ்ஸு, மணின்னு. அதுவும் நாடகத்துல வர்றதுதானே?"

எனக்கு அப்போது தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டேன் என்ற எண்ணம்தான் மண்டை முழுக்க.

"இல்லீங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. "அது உங்க புள்ள சொந்தமா பேசுனது."

அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனார். பஸ்ஸில் திருப்பாலைவனம் நெருங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. கெஞ்சினார். இருபத்து மூன்று பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள், பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஆமாம் என்று நான் ஒரு பொய் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அதைப் பிடித்துக்கொண்டு மகனைக் காப்பாற்றியிருப்பார். இங்கிலீஷ் பாடத்தில் என்ன இருக்கிறது என்று குப்பத்தில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் ஊர் கூடியது. தன் வீட்டுத் திண்ணை வரைக்கும் கேட்டதைப் பூவிழிதான் போனில் சொன்னாள். தலைவர் வீட்டுக்கு ஒரு நியாயம், எங்களுக்கு ஒரு நியாயமா என்று யாரோ கேட்டார்களாம். யாரும் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் ஆதிநாராயணனே எழுந்து, தன் மகனோடு யாரும் பேசக்கூடாது என்று சொன்னாராம். வீட்டில் படுக்கலாம், சாப்பிடலாம், பேச்சு மட்டும் கிடையாது. பெற்றவர்களுக்கும் சேர்த்துத்தான்.

திங்கட்கிழமை பூவிழி வந்தாள். டீசி பற்றிப் பேசவில்லை. அவளும் சரவணனும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள யாரும் தடை போடவில்லை. வேறு எவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மத்தியானம் கேட்டில் என்னைக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். போனேன். சரவணனின் அம்மா ஜெயம்மா டிபன் கேரியரோடு நின்றிருந்தாள். சரவணன் எனக்கு முன்பே வந்து கேட்டுக்கு உள்ளே நின்றான். இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றடிகூட இருக்காது.

"நீங்க வெளியூரு. நீங்க பேசலாம்" என்றாள் ஜெயம்மா. என்னைத் திட்டுவாள் என்று நினைத்திருந்தேன். திட்டியிருக்கலாம். "சனிக்கெழமலேர்ந்து சோத்த அளைஞ்சிட்டு ஏந்திரிக்கிறான். இத துன்றானான்னு கேளுங்க டீச்சர்."

நான் அவன் பக்கம் திரும்பினேன். "சாப்பிடுறியாடா?"

"துன்றேன்னு சொல்லுங்க டீச்சர். அழ வேணாம்னு சொல்லுங்க."

நான் திரும்பி, இரண்டையும் ஜெயம்மாவிடம் சொன்னேன்.